கரை கடந்த பிறகு

கூக்கால்
14 அக்டோபர்

அன்புள்ள தங்கை தேவசேனாவுக்கு,

அண்ணன் சிவமுருகன் எழுதுவது. நானும் உன் மதினி ஜோதிமணியும் நலம். மதினிக்கு வழக்கமான மூச்சிரைப்பு இந்தக் குளிரில் கொஞ்சம் கூடியிருக்கிறது. கஷாயத்துக்குக் கேட்காவிட்டால் கொடைக்கானல் கூட்டிப் போவேன். நீ எப்படி இருக்கிறாய்? வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

உருளைக்கிழங்குக்கு மண் அணைத்தாயிற்று. பீன்ஸ் கொடி ஏறி நிற்கிறது. போன வருடம் உறைபனி விழும் என்று நீ சொன்ன மூன்று நாளும் அப்படியே விழுந்ததிலிருந்து எனக்கு ஊரில் தனி மரியாதை. சேனாதிபதியின் டீக்கடையில் போய் உட்கார்ந்தால் போதும், "ஏலே சிவமுருகா, ஒந் தங்கச்சி என்ன சொல்லுது?" என்று அவரே தொடங்கிவிடுகிறார். நீ சென்னையில் ஒரு சின்ன வானிலை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாய் என்றால் யார் நம்புகிறார்கள்? மேகத்தையே நீதான் மேய்க்கிறாய் என்று நினைக்கிறார்கள்.

ஒரு கவலை இருக்கிறது. பிச்சையாண்ணனும் வேலம்மாவும் குடியிருக்கும் அந்த ஓடைக்கரை வரிசை உனக்கு நினைவிருக்கும். பதினோரு தகர வீடுகள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் வந்தவர்கள் என்பதால் இன்னமும் அதை 'லயம்' என்றுதான் சொல்கிறார்கள். அதற்கு மேலே இருக்கும் சரிவில், ஆகஸ்ட் மழைக்குப் பிறகு மண் கோடு போட்டது போல வெடித்திருக்கிறது. என் கை முழங்கை வரை உள்ளே போகிறது. பஞ்சாயத்தில் மனு கொடுத்திருக்கிறோம். கஜா வந்தபோது மலையில் மரங்கள் சாய்ந்து கிடந்த கோலத்தை நான் மறக்கவில்லை. கடலில் கிளம்பிய புயல் இந்த உயரத்துக்கு ஏறி வரும் என்று அதுவரை நம் ஊரில் யாரும் நினைத்ததில்லை.

இந்த வருடம் மழை எப்படி? தெரிந்ததை எழுது. ஏரிக்கு மேலே மேட்டில் ஏறி நின்றால்தான் இங்கே போன் எடுக்கும். பேசினால் பாதி காற்றுச் சத்தம்தான் உனக்குக் கேட்கும். எழுதினால் இரண்டு பேரும் நிதானமாகச் சொல்லலாம்.

உன் நலம் விரும்பும் அண்ணன்
சிவமுருகன்


சென்னை
22 அக்டோபர்

அன்புள்ள அண்ணனுக்கு,

தேவசேனா எழுதுகிறேன். நலம். மதினியைக் கஷாயத்தோடு விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

வங்கக் கடலில் ஒரு தாழ்வு நிலை உருவாகிக்கொண்டிருக்கிறது. இந்த மாதக் கடைசியில் அது புயலாகலாம். நீங்கள் கேட்பதற்கு முன்பே இதை எழுத நினைத்திருந்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. புயல் கடல்மேல் இருக்கும்வரை அதைப் பின்தொடர்வது பழகிய வேலை. நடுவில் கண் தெரியும், சுற்றிலும் மேகம் தெரியும், எந்த ஊர்ப் பக்கம் எத்தனை மணிக்குக் கரையைத் தொடும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். கரை ஏறியதும் அடியில் இருந்த சூடான தண்ணீர் போய்விடுகிறது. கண் கலைந்துவிடும். நடு எது என்று படத்தில் விரல் வைக்க முடியாது. ஈர வயல்மேல் போனால் கொஞ்ச தூரம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். காய்ந்த காற்று உள்ளே புகுந்தால் சீக்கிரம் சாகும். குறுக்கே நம் மலை போல ஒன்று நின்றால் காற்று மறுபக்கம் இறங்கும், மழையை இந்தப் பக்கமே கொட்டிவிடும். பாதி தளர்ந்த புயலை மேலே வீசும் எந்தக் காற்றும் எந்தப் பக்கமும் தள்ளும். கரையைத் தொடும்வரை தொலைக்காட்சியில் எல்லோரும் பேசுவார்கள். அதன் பிறகு அதைப் பற்றிப் பேச ஆள் இருக்காது. உங்கள் ஊருக்கு வேண்டியதோ அந்தப் பிறகு நடப்பதுதான்.

நான் போன் செய்து சொன்னால் லயத்து ஆட்களைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிடுங்கள். தினமும் மாலை ஐந்து மணிக்கு மேட்டுக்கு வந்து நில்லுங்கள்.

அன்புடன்
தேவசேனா


சென்னை
4 நவம்பர்

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா? முப்பத்தொன்றாம் தேதி மேட்டில் நின்று நீங்கள் பேசியதற்குப் பிறகு உங்கள் போன் எடுக்கவே இல்லை.

எங்கள் கணிப்பு தவறிவிட்டது. கரையைத் தொட்டது வரை நாங்கள் சொன்ன இடம், சொன்ன நேரம். அதன் பிறகு திண்டுக்கல் வழியாக உங்களிடம் ஏறி வரும் என்று சொன்னேன். அது திருச்சியைத் தாண்டும் முன்பே வடக்கே திரும்பி, தருமபுரிப் பக்கம் போய்க் கரைந்துவிட்டது. உங்களுக்கு ஒரு தூறல் விழுந்திருக்கும். அவ்வளவுதான்.

பதினோரு குடும்பத்தையும் மூட்டை கட்ட வைத்துவிட்டேன். சேனாதிபதி அண்ணாச்சி என்ன சொல்கிறார் என்று எழுதுங்கள். திட்டினாலும் அப்படியே எழுதுங்கள். யாருக்கும் சிரமம் இல்லையே?

அன்புடன்
தேவசேனா


சென்னை
15 நவம்பர்

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் வரவில்லை. மதினி உடம்புக்கு ஏதாவதா? என்மேல் கோபம் என்றால் கோபம் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். எனக்கு அது போதும்.

தேவசேனா


கூக்கால்
22 நவம்பர்

அன்புள்ள தேவசேனாவுக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. வேலை நெருக்கடியில் பதில் தாமதமாகிவிட்டது. மதினி நலம். மூச்சிரைப்பு குறைந்திருக்கிறது.

யாருக்கும் உன்மேல் கோபம் இல்லை. எல்லோரும் ஓர் இரவு பள்ளிக்கூடத்தில் படுத்தார்கள். மதினியும் வேலம்மாவும் பெரிய அண்டாவில் எலுமிச்சைச் சோறு கிண்டினார்கள். காலையில் வெயில் அடித்தது. சிரித்துப் பேசிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். சேனாதிபதி மட்டும், "மழ வரலைன்னா நல்லதுதானப்பா, வந்தாத்தான வம்பு" என்றார்.

பீன்ஸ் இரண்டு பறிப்பு முடிந்தது. பிச்சையாண்ணன் கொஞ்ச நாளாக வேலைக்கு வரவில்லை, அதனால் எல்லாம் என் தலையில். வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
சிவமுருகன்


சென்னை
27 நவம்பர்

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுக் காலை வந்தது. மத்தியானம் மதினி கொடைக்கானலிலிருந்து போன் செய்தார். மூச்சிரைப்புக்கு மருந்து வாங்க வந்ததாகச் சொன்னார். பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் யாரோ, "டிஸ்சார்ஜ் சீட்டு நாளைக்குத்தான் தருவாங்களாம்" என்றார்கள். யாருக்கு மதினி என்று கேட்டேன்.

"பிச்சையாண்ணனுக்குத்தான் தேவி. அன்னைக்குப் பள்ளிக்கூடம் போறப்ப வழுக்கி விழுந்துட்டாரு. தொடை எலும்பு. தேனியில வச்சுத் தகடு வச்சாங்க, இப்ப இங்க ஆஸ்பத்திரியில இருக்காரு. ஒங்க அண்ணன் ஒனக்குச் சொல்ல வேணாம்னாரு" என்றார்.

நாலு வாரம் அண்ணா. சிரித்துப் பேசிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள் என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

அறுபது வயது தாண்டிய மனிதர், வராத புயலுக்குப் பயந்து ஓடி, காலை முறித்துக்கொண்டார். நான் சொன்னதால் ஓடினார். இனி ஊரில் என்னைக் கேட்டு எதையும் செய்ய வேண்டாம். அரசாங்க அறிவிப்பு வரும், ரேடியோ இருக்கிறது. அதைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள். நான் சொல்வது உங்கள் மலைக்குப் பொருந்தவில்லை.

வேலம்மாவிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம்.

தேவசேனா


கூக்கால்
1 டிசம்பர்

அன்புள்ள தேவசேனாவுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதத்தை பஸ் கண்டக்டர் என் கையில் கொடுத்த இடத்திலேயே பிரித்துப் படித்தேன். மறைத்தது தப்புத்தான். எழுதினால் நீ தூங்க மாட்டாய் என்று நினைத்தேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அன்று மாலை ஆட்கள் எல்லாம் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சமையலுக்கு அரிசி போதாது என்று வேலம்மா சொன்னார். பிச்சையாண்ணன், "ஒரு எட்டுப் போயிட்டு வாரேன்" என்று திரும்பப் போய் வீட்டிலிருந்து அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு என் பீன்ஸ் காட்டு வழியாகக் குறுக்கே வந்தார். தூறலில் பாதை வழவழவென்று கிடந்தது. குறுக்கே தண்ணீர்க் குழாய் கிடந்ததை மிதித்துவிட்டார். அந்தக் குழாய் என்னுடையது. முந்தின நாளே சுருட்டி வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. இதையும் சேர்த்துத்தான் உனக்கு எழுதாமல் விட்டேன்.

அவர் வீட்டுக்கு வந்து மூன்று நாளாகிறது. இன்னும் காலை ஊன்றக் கூடாதாம். நேற்றுப் போயிருந்தேன். கட்டிலில் படுத்தபடியே ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னொண்ணு கிளம்புதாமே தம்பி, தங்கச்சி என்ன சொல்லுது?" என்றார். இனிமேல் எதையும் சொல்ல மாட்டேன் என்கிறது என்றேன்.

"அது எப்பிடி? காலு ஒடிஞ்சது எனக்கு. கோவம் அதுக்கா?" என்று கேட்டார்.

மனசைத் தளர விடாதே. அதற்குள் இது உனக்குக் கிடைத்துவிடும் என்ற கணக்கில், ஆறாம் தேதி மாலை ஐந்து மணிக்கு மேட்டில் நிற்பேன். நீ பேசினாலும் பேசாவிட்டாலும் நிற்பேன்.

அண்ணன்
சிவமுருகன்


கூக்கால்
17 டிசம்பர்

அன்புள்ள தங்கைக்கு,

நானும் மதினியும் உயிரோடு, சுகமாக இருக்கிறோம். பூம்பாறைக்கு இந்தப் பக்கம் ரோட்டில் நாலு இடத்தில் மண் விழுந்து எட்டு நாள் பஸ் இல்லை. டவரும் போய்விட்டது. நீ தவித்திருப்பாய். மண்வெட்டியோடு வந்த ரோட்டு வேலைக்காரர் ஒருவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஆறாம் தேதி நீ போனில் சொன்னபடி, மறுநாள் விடிந்ததும் எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினோம். பிச்சையாண்ணனைக் கயிற்றுக் கட்டிலோடு ஆறு பேர் தூக்கி வந்தார்கள். இந்த முறை குழாய்களை எல்லாம் நானே சுருட்டி வைத்தேன். அன்று பிற்பகல் காற்று வந்தது. சீகை மரங்கள் நிறையச் சாய்ந்தன, பள்ளிக்கூடத்தின் மேற்குப் பக்க ஓடுகள் போயின. எல்லாம் நாலு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. எட்டாம் தேதி காலை நன்றாக வெளுத்தது. அன்று மத்தியானம் நீ பேசியது உனக்கு நினைவிருக்கும்.

பிச்சையாண்ணனுக்கு அசைய முடியாததால் வீடு திரும்புவதை ஒரு நாள் தள்ளிப்போட்டோம். சாயங்காலம் மறுபடி மழை பிடித்தது. காற்று துளியும் இல்லை. நின்று நிதானமாகப் பெய்தது, ராத்திரி முழுக்க விடவில்லை. ஒன்பதாம் தேதி காலை பதினொரு மணிக்கு, பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டிருந்தோம், லாரியில் ஜல்லி கொட்டுவது போல ஒரு சத்தம். சரிவு முழுவதும் மரத்தோடு கீழே வந்தது. பதினோரு வீட்டில் ஒன்பது இல்லை. ஓடையும் இல்லை, அது இப்போது வேறு பக்கம் ஓடுகிறது. ஆறு ஆடு, ஒரு மாடு போயிற்று. மனிதர் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை.

முருகன் காப்பாற்றினான். வேறு என்ன சொல்ல. மூட்டை முடிச்சோடு எல்லோரும் இன்னும் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறார்கள். தாசில்தார் வந்து பார்த்துப் போனார். வேறு இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
சிவமுருகன்


கூக்கால் பள்ளிக்கூடம்
21 டிசம்பர்

அன்பு மகள் தேவசேனாவுக்கு,

பிச்சையா மனைவி வேலம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் சுகம். உங்கள் சுகத்தை முருகன் தர வேண்டும். எனக்கு எழுத்து அவ்வளவு வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரைக்கும் படித்தது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எழுதுவது உங்கள் அண்ணனுக்குத் தெரியாது. ஜோதிமணிதான் விலாசம் கொடுத்தது.

அண்ணன் இப்போது கடைக்குப் போவதில்லை. காட்டு வேலைக்கும் சரியாகப் போவதில்லை. விடிந்ததும் மண் சரிந்த இடத்தில் போய் நிற்கிறார். எங்களுக்குச் சோறு தண்ணி எல்லாம் கொண்டு வந்து கொடுக்கிறார். ஆனால் எங்கள் வீட்டுக்காரர் படுத்திருக்கும் அறைக்குள் மட்டும் வருவதில்லை. வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். ஏன் என்று உங்களுக்கு எழுதியிருக்க மாட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

எட்டாம் தேதி நீங்கள் போனில் பேசின பிறகு அண்ணன் மேட்டிலிருந்து வேகமாக இறங்கி வந்தார். "எல்லாம் முடிஞ்சு போச்சு, மேற்க போயிருச்சாம். வெரசா கெளம்புங்க, வீட்டப் பாக்கணும்ல" என்று சொன்னார். சனம் சந்தோஷமாக மூட்டையைக் கட்டியது. நாலு குடும்பம் பாலம் வரைக்கும் போய்விட்டது. கட்டிலைத் தூக்க ஆட்கள் வந்தபோது எங்கள் வீட்டுக்காரர், "நான் வரல. கால் இருக்கிறவங்க போங்க" என்று சொல்லிவிட்டார்.

அண்ணன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். இவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒங்க ஒருத்தருக்காகப் பதினோரு குடும்பம் இங்கனயே கெடக்கணுமா? இந்தப் பிடிவாதத்துலதான அன்னைக்கும் அரிசி எடுக்கப் போயி விழுந்தீங்க" என்றார். சொன்ன பிறகு அவருக்கே முகம் மாறிவிட்டது.

நான் இவரை விட்டுப் போக மாட்டேன் என்று கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். தூக்க வந்த பெடியன்கள் ஆறு பேரும் எங்கள் லயத்து ஆட்கள்தான். பெரியவரை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று அவர்களும் நின்றுவிட்டார்கள். பாலம் வரைக்கும் போனவர்கள் திட்டிக்கொண்டே திரும்பி வந்தார்கள். அன்றைக்கு எங்களை ஏசாத ஆள் இல்லை. அதற்குப் பிறகு மழை வந்தது.

அண்ணன்மேல் எங்களுக்கு வருத்தம் இல்லை. அவர் தன்மேலேயே வருத்தத்தை வைத்துக்கொண்டு திரிகிறார். நாங்கள் சொன்னால் கேட்க மாட்டார். நீங்கள் சொன்னால் கேட்பாராக இருக்கும்.

இப்படிக்கு
வேலம்மா


சென்னை
29 டிசம்பர்

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். மதினிக்குச் சளி சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதம் கிடைத்தது.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இதை எழுதப் பல நாள் உட்கார்ந்தும் எழுத முடியவில்லை.

எட்டாம் தேதி மத்தியானம் நான் உங்களோடு பேசியபோது என் முன்னால் மூன்று படங்கள் இருந்தன. ஒரே புயல்தான். மூன்று விதமாகக் கணக்குப் போட்டு, அடுத்த இரண்டு நாளைக்கு அது என்ன செய்யும் என்று காட்டும் படங்கள். இரண்டில் அது கேரளத்தைத் தாண்டி அரபிக் கடலுக்குள் போய்விட்டது. மூன்றாவதில் அப்படி இல்லை. மலையைத் தாண்ட முடியாமல் நின்று, கடலிலிருந்து ஈரக் காற்றை இழுத்துக்கொண்டு, பழனி மலைமேலேயே இரண்டு நாள் மழை பெய்தது.

மூன்றாவது படத்தை நான் பார்த்தேன். நவம்பரில் ஒரு தடவை உங்களை வீணாக ஓட வைத்தது என் மனதில் இருந்தது. மறுபடி பயமுறுத்தி, மறுபடி ஒன்றும் நடக்காமல் போனால் என்ன செய்வது என்று நினைத்தேன். இரண்டு படம் ஒத்துப்போகிறதே என்று சமாதானம் செய்துகொண்டு, "முடிந்துவிட்டது அண்ணா, மேற்கே போய்விட்டது" என்றேன். அப்படி ஒன்று இருக்கிறது என்றுகூட உங்களிடம் சொல்லவில்லை.

அதனால் எட்டாம் தேதி அங்கே யார் யாரிடம் என்ன சொல்லியிருந்தாலும், அது என் வாயிலிருந்து வந்ததுதான். உங்கள் கணக்கில் அதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

அலுவலகத்தில் என் மேலதிகாரியிடமும் இதைச் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. "எல்லாருக்கும் மூணு படம்தாம்மா" என்றார். அதனால் எனக்கு ஆறுதல் கிடைக்கவில்லை.

இதைப் பிச்சையாண்ணனிடம் நீங்களே படித்துக் காட்டுங்கள்.

தேவசேனா


கூக்கால்
8 ஜனவரி

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே நாங்கள் சுகம். உறைபனி தொடங்கிவிட்டது. விடிகாலையில் ஏரிக்கரைப் புல் வெள்ளையாகக் கிடக்கிறது. நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்து ஐந்து நாள் சட்டைப் பையிலேயே இருந்தது. வேலம்மா உனக்கு எழுதியது எனக்குத் தெரியும். அவர் கடிதத்தைக் கொண்டுபோன கண்டக்டர் என்னிடமே சொன்னார். நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அதனால் நானே எழுதுகிறேன். கிளம்புங்கள் என்று சொன்னவன் நான். பிச்சையாண்ணனை வாய்க்கு வந்தபடி பேசியதும் நான். அவர் சரி என்று தலையாட்டியிருந்தால் ஒன்பதாம் தேதி பதினொரு மணிக்கு நாற்பத்தாறு பேர் அந்த வீடுகளுக்குள் இருந்திருப்பார்கள். அதைத்தான் உனக்கு 'ஒரு நாள் தள்ளிப்போட்டோம்' என்று எழுதினேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடத்துக்குப் போய் அவர் அறைக்குள் நுழைந்தேன். ஒரு மாதம் கழித்து. வேலம்மா பாயை உதறிப் போட்டார். வெளியே வெயிலில் இருந்தவர்களும் வந்து வாசலில் நின்றார்கள். சேனாதிபதியும் இருந்தார். உன் கடிதத்தை முதலிலிருந்து கடைசி வரை சத்தமாகப் படித்தேன். பிறகு நான் செய்ததையும் எல்லோர் முன்னாலும் சொன்னேன், அவர்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும்.

சேனாதிபதி, "தெரிஞ்சுக்கிட்டே சொல்லாம விட்டுச்சா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அவருக்கு இன்னும் ஆறவில்லை. இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

பிச்சையாண்ணனுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "மூணுல ரெண்டு போயிரும்னு காட்டுச்சா தம்பி?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"அப்ப, மூணையும் தங்கச்சி சொல்லியிருந்தா நீங்க என்ன செஞ்சிருப்பீங்க?"

யோசித்தேன். பொய் சொல்ல மனமில்லை. "கெளம்பத்தான் சொல்லியிருப்பேன்ணே. ரெண்டு படம் போயிரும்ங்குது, ஒண்ணு நிக்கும்ங்குது. நான் ரெண்டு சொன்ன பக்கந்தான் போயிருப்பேன்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "நானும் அப்பிடித்தான். காலு நல்லா இருந்திருந்தா மொத ஆளா எறங்கியிருப்பேன். எல்லாரும் என்னமோ பெரியவருக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருச்சு, தெரிஞ்சிருச்சுங்குறாங்க. எனக்கு ஒரு மண்ணும் தெரியல தம்பி. தூக்கிட்டு வர்றப்ப கட்டிலு ஆடி ஆடி உயிரு போற வலி. திரும்பத் தூக்குனா வலிக்குமேன்னுதான் வரலன்னேன். வெக்கமா இருந்துச்சு, வெளிய சொல்லல" என்றார்.

வேலம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். நாற்பது வருடம் சேர்ந்து வாழ்ந்த மனுஷி, அவருக்கே அது புதிது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். வாசலில் நின்றவர்களும் சிரித்தார்கள். நான் அழுதேன் தேவசேனா. யாரும் என்னைத் தடுக்கவில்லை.

கிளம்பும்போது பிச்சையாண்ணன் கூப்பிட்டார். "அடுத்த வாட்டி மூணையும் சொல்லச் சொல்லுங்க. ரெண்டு சொல்ற பக்கம் போறதா, ஒண்ணு சொல்ற பக்கம் நிக்கிறதான்னு நாங்க உக்காந்து பேசிக்கிறோம். ஒத்தப் பிள்ள எதுக்கு அதைச் சுமக்கணும்?" என்றார்.

இதை உன்னிடம் சொல்லத்தான் இந்தக் கடிதம். பொங்கலுக்கு லீவு கிடைத்தால் வா. மாற்று இடம் கிடைக்கும்வரை அவர்கள் பள்ளிக்கூடத்தின் பின்பக்க அறைகளில்தான் இருப்பார்கள். சேனாதிபதி கடைக்கு நானே உன்னைக் கூட்டிப் போகிறேன். திட்டினால் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிக்கொள்வோம்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அண்ணன் சிவமுருகன்